ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மறதி போகுமா?

குலசேகரம்காரி:
வயது 52. தீட்டு நின்று இரண்டு வருடம். ரப்பர் ஷீட் கணக்கு நான்தான் எழுதுவேன். இப்போது கூட்டல் பாதியில் நின்றுவிடுகிறது. போன வாரம் சாளைக் குழம்பில் இரண்டு தரம் உப்பு போட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் அழுகை வந்தது. ராத்திரி வியர்த்து மூன்று மணிக்கு விழிப்பு. டாக்டர் ஹார்மோன் சிகிச்சை பற்றிச் சொன்னார். மனசும் மூளையும் சரியாகுமா?

மார்த்தாண்டத்து அக்கா:
நான் மூன்று வருடம் எடுத்தேன் மக்களே. முதலில் வியர்வை போனது, அப்புறம் தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததும் எரிச்சல் தானாகக் குறைந்தது. மறதி? சாவியை இப்போதும் தேடுகிறேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
அக்கா சொன்னது சரி. அமெரிக்காவில் கீப்ஸ் ஆய்வில் தீட்டு நின்று மூன்று வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு நான்கு வருடம் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஓரளவு குறைந்தன, தோலில் ஒட்டும் பட்டையில் அது தெரியவில்லை. நினைவாற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பயமுறுத்தும் செய்தி 2003இல் வந்தது: 65 வயதுக்கு மேல் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்த்துத் தொடங்கியவர்களுக்கு மறதிநோய் ஏறக்குறைய இரட்டிப்பானது. உங்கள் வயது வேறு. ஆனால் மார்பகப் புற்று, காலில் ரத்தக்கட்டு இருந்ததா என்று டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாயிற்றா? பாதிப் பேருக்கு அங்கேதான் விஷயம் என்பது என் அனுபவம்.

குலசேகரம்காரி:
தைராய்டு பார்க்கவில்லை. திங்கட்கிழமை போகிறேன், சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சீட்டை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.