ஜான் எல்வெஸ்: கருமியா, கொடையாளியா?

செந்தில்:
18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று பெயர் வாங்கிய ஜான் எல்வெஸைப் பற்றி இங்கே எல்லோரும் கேலியாகவே பேசுகிறீர்கள். மெழுகுவர்த்தி மிச்சமென்று இருட்டியதும் படுத்துவிடுவார், வேலியோரம் பிச்சைக்காரன் வீசிய பொய்முடியை (விக்) எடுத்து இரண்டு வாரம் மாட்டித் திரிந்தார் என்பதெல்லாம் சரிதான். ஆனால் நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத்தில் அபிங்டன் பிரபு பணயம் கட்டப் பணமில்லாமல் நின்றபோது, கேட்காமலேயே 7,000 பவுண்டு கொடுத்தவரும் அவர்தான். அன்று முழுக்க குதிரை மேலிருந்த அவர் சாப்பிட்டது, சட்டைப்பையில் நசுங்கிக் கிடந்த ஒரு துண்டு பான்கேக். இரண்டு மாதப் பழசு!

கவிதா:
கொடுத்தார், யாருக்கு? பிரபுவுக்கு. பெற்ற மகன்களைப் படிக்கவைக்க மறுத்தார். தலைக்குள் படிப்பு ஏறினால் பையிலிருந்து காசு இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அவரோ வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்தவர். தனக்குக் கிடைத்ததைப் பிள்ளைக்கு மறுப்பதற்குச் சிக்கனம் என்று பெயரா?

மணி:
குடும்பமே அப்படி. அம்மா ஒரு லட்சம் பவுண்டு வைத்துக்கொண்டு பட்டினியிலேயே செத்தார் என்பார்கள். மாமா ஹார்வி எல்வெஸ் வீட்டுக்குப் போகும்போது இவர் வழியில் ஒரு விடுதியில் நல்ல உடையைக் கழற்றிக் கந்தலுக்கு மாறுவார். அங்கே ஒற்றைக் குச்சி எரியும் கணப்பின் முன் உட்கார்ந்து, ஒரே கோப்பை ஒயினை இருவரும் பங்கிட்டுக் குடிப்பார்கள். 1763இல் மாமா போனதும் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. சொத்துக்காகப் போட்ட வேஷம் அப்புறம் கழற்ற வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

செந்தில்:
பிள்ளைகள் விஷயத்தில் கவிதா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1772 முதல் 12 வருடம் பெர்க்‌ஷயர் எம்.பி.யாக இருந்தார். ஓட்டுக்குப் பணம் தண்ணீராய் ஓடிய காலம் அது. தேர்தலில் அவருக்கு ஆன செலவு வெறும் 18 பென்ஸ் சில்லறை. சக எம்.பி.க்களுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கவும் கூச்சப்படுவார். தன் வயிற்றைத்தான் அவர் வஞ்சித்தார்.

கவிதா:
தன் வயிற்றை மட்டுமா? உறவினர் கர்னல் டிம்ஸ் ஒரு ராத்திரி அவர் வீட்டில் தங்கினார். கூரை ஒழுகி மழை முகத்தில் விழ, கட்டிலை இழுத்து இழுத்துக் கடைசியில் நனையாத ஒரு மூலையைப் பிடித்தார். காலையில் சொன்னபோது எல்வெஸ், மழைக்கு அந்த மூலை நல்ல மூலைதான் என்றாராம். 1789இல் இறக்கும்போது அவரிடம் இருந்தது சுமார் ஐந்து லட்சம் பவுண்டு. லண்டனில் போர்ட்மன் சதுக்கம் எழும்பவே பணம் போட்டவர் அவர். அந்த ஒரு கூரையைச் செப்பனிட எவ்வளவு ஆகியிருக்கும், சொல்லுங்கள் செந்தில்.