அப்பா அம்மாவோடு போர்ச்சுகலில் 5 நாள்: லிஸ்பனா, போர்ட்டோவா?

மருதம்:
மே மாதம் அப்பா அம்மாவைப் போர்ச்சுகலுக்குக் கூட்டிப்போகிறேன். இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி, சுத்த சைவம். 5 நாள்தான் இருக்கிறது. எந்த ஊரில் தங்குவது?

வேப்பமரம்:
லிஸ்பன்தான். ஆனால் அழகாக இருக்கிறதே என்று அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் அறை போட்டுவிடாதீர்கள். அங்கே பாதித் தெருக்கள் படிக்கட்டுகள். பைஷாவில் தங்குங்கள். 1755 நிலநடுக்கத்தில் இடிந்த பிறகு, தெருக்களை நேர்நேராக வகுத்து மறுபடி கட்டிய பகுதி அது, சமதளம். 15ஆம் எண் டிராமில் பெலேம் போகலாம். வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கும் ஜெரோனிமோஸ் மடம், ஆற்றங்கரை எல்லாம் ஏற்ற இறக்கம் இல்லாத இடங்கள். திங்கட்கிழமை மட்டும் மடம் திறக்காது. எல்லோரும் சொல்கிறார்கள் என்று 28ஆம் எண் டிராமில் ஏற்றாதீர்கள். கூட்டம் நெரியும், ஜேப்படியும் அதிகம். மேட்டில் இருக்கும் சாவ் ஜார்ஜ் கோட்டைக்கு 737 பேருந்து போகிறது.

கொள்ளிடம்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பைஷாவின் இரண்டு பக்கமும் மேடுதான். அந்த மேடுகளில் ஏற்றிவிடும் கேபிள் ரயில்களை நம்பியும் திட்டம் போட முடியாது. 2025 செப்டம்பரில் க்ளோரியா ரயில் தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். பெரியவர்களோடு போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

போர்ட்டோ சின்ன ஊர். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சுமார் அரை மணி நேரத்தில் நடு ஊருக்கு வந்துவிடலாம். டோம் லூயிஸ் பாலம் 1886இல் திறந்த இரட்டைத்தளப் பாலம். அதன் மேல்தளத்தில் மெட்ரோ ஓடுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே டோரு ஆறும், ரிபெய்ரா என்ற ஆற்றங்கரைப் பகுதியின் வீடுகளும் தெரியும். எதிர்க்கரையில் இறங்கினால் பக்கத்திலேயே ரோப் கார், ஆற்றங்கரையில் கொண்டுபோய் விடும். சாவ் பென்டோ ரயில் நிலையத்தில் சுவரில் பதித்த சுமார் 20,000 நீல ஓடுகளில் போர்ச்சுகல் வரலாற்றைத் தீட்டியிருக்கிறார்கள், கட்டணமே இல்லை. அப்புறம் டோரு பள்ளத்தாக்கு ரயில். பின்யாவ் என்ற சிற்றூர் வரை போங்கள், போகும்போது வலப்பக்க சன்னல் பிடியுங்கள். அம்மா ஓரடிகூட நடக்காமல் ஆற்றையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே வரலாம்.

வேப்பமரம்:
அந்த ரயில் பயணம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள் போர்ட்டோவின் சரிவு லிஸ்பனுக்குக் குறைந்ததில்லை. சாவ் பென்டோவிலிருந்து ரிபெய்ராவுக்கு இறங்குவதே மூட்டுக்குக் கஷ்டம்.

சாப்பாட்டையும் பாருங்கள். கால்டோ வெர்டே என்ற கீரை சூப்பில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். லிஸ்பனில் மார்ட்டிம் மொனிஸ் பக்கம் தெற்காசியக் கடைகள் நிறைய, சோறும் பருப்பும் கிடைக்கும். இன்னொன்று: 1554இல் தமிழை ரோமன் எழுத்தில் முதன்முதலாக அச்சிட்டது லிஸ்பனில்தான். அந்த ஊரில் அப்பா அம்மாவோடு ஒரு மாலை நடப்பது எனக்குப் பெரிய விஷயம்.

தஞ்சைச்செல்வி:
இரண்டையும் பார்க்கலாமே? போர்ட்டோவில் இறங்கி லிஸ்பனில் விமானம் ஏறுங்கள். நடுவே ரயிலில் சுமார் 3 மணி நேரம்தான். 65 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இரண்டு ஊரிலும் நடைபாதைக் கற்கள் மழையில் வழுக்கும், நல்ல ரப்பர் அடி உள்ள செருப்பு அவசியம். உணவகத்தில் கேட்காமலே வைக்கும் ரொட்டி, ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வேப்பமரம்:
5 நாளில் இரண்டு விடுதி மாறினால் ஒரு நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். வயதானவர்களை அப்படி அலைக்கழிக்கக் கூடாது.

கொள்ளிடம்:
அதே லிஸ்பன்காரர்கள்தான் பக்கத்து ஊரான சிந்த்ராவுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்வார்கள்! அங்கே பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட், பேருந்துக்கு வரிசை, பிறகு ஏற்றம். அது அலைச்சல் இல்லையா?

மருதம்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் சாப்பாட்டை நினைத்து லிஸ்பனையே எடுக்கிறேன். சிந்த்ரா வேண்டாம். பைஷாவில் விடுதி பார்க்கிறேன்.

கொள்ளிடம்:
எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அங்கே பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. பணம் கட்டுமுன் விடுதிக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு போடுங்கள்.