விண்வெளியில் காராமணி: ஏழாம் வகுப்புக்கு இது தேவையா?

கரும்பலகை:
2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தை இஸ்ரோ வீணாக்காமல் போயம்-4 என்ற ஆய்வுமேடையாகச் சுற்றவிட்டது. அதில் ஒரு பெட்டிக்குள் 8 காராமணி விதை. நாலே நாளில் முளைத்தது, பிறகு இலையும் விட்டது. இதை வைத்துத்தான் ஏழாம் வகுப்புக்கு ரெண்டு வாரம் செடிப் பாடம் நடத்தினேன். “போர்ஷனை முடிக்காம ராக்கெட் கதையா?” என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எகிறிவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாய்க்கால்மேடு:
அவர் கேட்டதுல என்ன தப்பு டீச்சர்? (எங்க ஊர்ல காராமணின்னா தட்டப்பயறு.) 2015ல விண்வெளியில விளைஞ்ச லெட்யூஸ் கீரையை வீரர்கள் தின்னாங்கன்னு என் மகன் கடகடன்னு ஒப்பிக்கிறான். வரப்புல நிக்கிற தட்டப்பயறுல அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கு. “கறுப்பா என்னமோ ஒட்டியிருக்குப்பா”ங்கிறான். எது முதல்ல தெரியணும்?

கரும்பலகை:
ஒப்பிக்க வைக்கவில்லை அண்ணே. பழைய சுவர்க்கடிகாரத்தில் ஒரு பாட்டில் மூடியை ஒட்டி, ஈரப் பஞ்சில் 5 விதை வைத்தோம். விநாடி முள் பாரம் தாங்காமல் நின்றுவிட்டது, நிமிட முள்ளுக்கு மாற்றினோம். டம்ளரில் வைத்த விதைகளின் வேர் எல்லாம் கீழே போனது. கடிகாரத்தில் மூன்று வேர் ஆளுக்கொரு பக்கம் போனது. ஈர்ப்பு இல்லாவிட்டால் வேருக்குத் திசை தெரியாது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

தராசுமுள்:
இங்கேதான் எனக்குப் பிரச்சினை. 350 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. கலம் ஓயாமல் விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் உள்ளே எடை தெரிவதில்லை. உங்கள் கடிகாரமும் ஈர்ப்பை நீக்கவில்லை, அது வரும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. வேர்நுனி செல்களில் மாவுமணிகள் உண்டு. அவை படியும் பக்கம்தான் வேருக்குக் ‘கீழ்’. மூடி சுற்றினால் அவை ஒரே பக்கம் படிய முடியாது. இன்னொன்று: விதை தன் பருப்பில் உள்ள சத்தை வைத்தே முளைக்கும், இருட்டிலும் முளைக்கும். 8 விதை முளைத்ததை ‘விண்வெளி விவசாயம்’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கரும்பலகை:
‘ஈர்ப்பு இல்லை’ என்றுதான் வகுப்பிலும் சொன்னேன் சார். திங்கட்கிழமை திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டுபிள்ளை_அம்மா:
திருத்துறது இருக்கட்டும், முழுப்பரீட்சையில கடிகாரம் வருமா?

கரும்பலகை:
வராதும்மா. வேர் வரும்.

வாய்க்கால்மேடு அண்ணே, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 2015 டிசம்பரில் விண்வெளி நிலையத்தில் ஜின்னியா செடிகளுக்குத் தண்ணீர் அதிகமாகிப் பூஞ்சை பிடித்தது. அங்கே தண்ணீர் கீழே வடியாது. வேரிலும் இலையிலும் பசைபோல ஒட்டிக்கொள்ளும், வேருக்குக் காற்று போகாது. தரையில் இருந்து வரும் அட்டவணைப்படி ஊற்றாமல் செடியைப் பார்த்து நானே ஊற்றுகிறேன் என்று அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கேட்டு வாங்கிக்கொண்டார். 2016 ஜனவரியில் பூத்தது. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், “தண்ணி நின்னா எங்கப்பா மடையைத் திறந்து விடுவாரு. அங்க மடை எங்க டீச்சர்?” என்றான். அந்தக் கேள்விக்கே ஒரு பீரியட் போனது.

வாய்க்கால்மேடு:
பையன் காட்டுல நின்னவன், அதான் கேட்டான். வயக்காட்டுக்கு வராத பிள்ளைக்கு அது தோணியிருக்குமா? நான் சொல்றது அதைத்தான்.

தராசுமுள்:
டீச்சர், ஓடாத கடிகாரம் ஒன்றிலும் அதே மாதிரி 5 விதை வைத்தீர்களா? டம்ளரோடு ஒப்பிட்டது செல்லாது. மூடியும் பஞ்சும் வேறு.

கரும்பலகை:
வைக்கவில்லை.

வாய்க்கால்மேடு:
ஓடாத கடிகாரம் எங்க வீட்டுலயே ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கங்க. விதையும் நானே தர்றேன். கடைப் பயறுல பாதி வண்டடிச்சது. ஒரு கண்டிஷன்: பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து வயல்ல வாங்கிக்கணும். அசுவினி இன்னும் இருக்கு.