மறு: சிஎச்ரூட் – 'சிறை' வேண்டாம், 'தனிவேர்' சரிவருமா?

வணக்கம். 'சிஎச்ரூட்' (chroot) என்ற யுனிக்ஸ் வசதிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த இந்தப் பரிந்துரைக்கு என் பதில்:

> சிஎச்ரூட் = வேர்ச்சிறை. ஆங்கிலத்திலும் ஜெயில் என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள்தான். ஆனால் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2000-இல் 4.0 பதிப்போடு, நிரல்களை அடைத்துவைக்க 'ஜெயில்' என்ற பெயரிலேயே தனி வசதி கொண்டுவந்துவிட்டது. சிறையை அதற்கு விட்டுவைப்போம். 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த சிஎச்ரூட் செய்வது ஒன்றே ஒன்று: ஒரு நிரலுக்கு மட்டும் சாய்கோடு ('/', அதாவது எல்லாப் பாதைகளும் தொடங்கும் வேர்) எந்த அடைவைக் குறிக்கும் என்பதை மாற்றும்.

'சிறை' என்றே நினைத்துக்கொண்டு போன மாதம் ஒரு மதியத்தைத் தொலைத்தேன். எஸ்எஃப்டிபி (கோப்புகளைப் பாதுகாப்பாக ஏற்றி இறக்கும் முறை) பயனர்களைச் சிஎச்ரூட் வழியாக ஓர் அடைவுக்குள் விட்டிருந்தோம். உள்நுழைந்தது பதிகையில் (log) இருக்கிறது. எந்தக் கோப்பை ஏற்றினார்கள் என்பது இல்லை. பிழைச்செய்தியும் இல்லை. பதிகைக்குச் செய்தி அனுப்பும் சிஸ்லாக் செயற்கூறு '/டெவ்/லாக்' சாக்கெட்டை (நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்புமுனை) தேடும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் செய்தியைக் கைவிட்டுவிடும். சரி என்று உள்ளே 'டெவ்' அடைவை உருவாக்கி, அதே பெயரில் வெளியே இருக்கும் சாக்கெட்டைச் சுட்டும் குறியிணைப்பு (symlink) போட்டேன். அதில் எழுதிய பாதையும் புதிய வேரிலிருந்துதானே படிக்கப்படும்? தன்னையே சுட்டிக்கொண்டு நின்றது.

அப்புறம் அதை நீக்கிவிட்டு, அங்கேயும் ஒரு சாக்கெட் திறக்கும்படி சிஸ்லாக்-என்ஜியிடம் (பின்னணியில் ஓடிப் பதிகையை எழுதும் டீமன்) சொன்னேன். வரிகள் வந்தன. ஆனால் 14:10-க்கு ஏற்றிய கோப்பு 08:40 என்று பதிவாகியிருந்தது! உள்ளூர் நேரத்தைச் சொல்லும் '/ஈடிசி/லோக்கல்டைம்' கோப்பு உள்ளே இல்லாததால் யுடிசி (உலகப் பொது) நேரம். அதையும் படியெடுத்து வைத்த பிறகுதான் சரியானது.

இன்னொன்று. வேர் மாறும் முன்பே திறந்த சாக்கெட் பிறகும் வேலை செய்யும். சிறை என்று பார்த்தால் இது ஓட்டை. வேர் என்று பார்த்தால் இதில் வியப்பே இல்லை. பாதையைத் தேடும் இடம்தான் மாறியது, கையில் இருப்பது கையிலேயே இருக்கிறது. பதிகை டீமனை மறுதொடக்கம் செய்தால் மட்டும் போச்சு: நிரல் மறுபடி தேடப்போகும், காணாது.

'வேர்மாற்றம்' என்றால் கணினி முழுவதற்கும் மாறியதாகத் தொனிக்கிறது. அதைப் பிவட்-ரூட்டுக்கு (pivot_root, வேர்க் கோப்பமைப்பையே மாற்றும் லினக்ஸ் வசதி) வைத்துக்கொள்ளலாம். ஆகவே 'தனிவேர்'. தனிக்குடித்தனம் போல. அங்கே போனவருக்குக் கொல்லைக்கதவு என்றால் புது வீட்டுக் கொல்லைதான்.

---

> ஆகவே 'தனிவேர்'.

பிடித்திருக்கிறது. ஆனால் ரூட் பயனரை (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) சிலர் 'வேர்ப்பயனர்' என்று எழுதுகிறார்கள். 'தனிவேரில் ஓடும் நிரல்' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓடுவதாக நினைக்க மாட்டார்களா? நேர்மாறான பொருள் ஆகிவிடும்.

---

நியாயமான ஆட்சேபம், எனக்குத் தோன்றவில்லை. முதல் முறை வரும்போது 'தனிவேர் அடைவு' என்று முழுதாக எழுதலாம், வினைக்கு 'தனிவேர் அடைவில் இயக்கு'. 'வேர்ப்பயனர்' எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.