புதுப்பிப்பு: ஓவன் போர்க் சாப்ஸ் இந்த முறை மெத்தென்று வந்தது

போன வாரம், பிரெட் தூள் புரட்டி ஓவனில் வைத்த போர்க் சாப்ஸ் (பன்றிக்கறித் துண்டுகள்) கட்டை மாதிரி ஆகிவிட்டது, தூளும் அடியில் ஊறிப்போனது என்று இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் செய்தேன்.

முதல் தப்பு துண்டின் கனம். அரை அங்குலத் துண்டு மேலே சிவப்பதற்குள் உள்ளே காய்ந்துவிடுகிறது. இந்த முறை எலும்போடு ஒரு அங்குலத்துக்கு வெட்டித் தரச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பு கரைத்து, முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவைத்தேன். உப்பு உள்ளே இறங்கினால் வேகும்போது சாறு அவ்வளவாக வெளியேறாது. பிறகு ஈரம் போக நன்றாகத் துடைத்தேன். இதைத் தவிர்த்தால் மாவே ஒட்டாது.

பாங்கோ என்ற கரகரப்பான ஜப்பானிய பிரெட் தூளைக் கொஞ்சம் எண்ணெயில் முன்பே பொன்னிறமாக வறுத்துக்கொண்டேன். மைதா, முட்டை, தூள் என்ற வரிசையில் புரட்டி, ட்ரேயின் மேல் கம்பி ரேக் வைத்து 220 டிகிரி செல்சியஸில் சுட்டேன். அடிப்பக்கமும் மொறுமொறு!

ஆனால் உண்மையில் காப்பாற்றியது தெர்மாமீட்டர்தான். நான் கறியின் உள்சூட்டைப் பழைய கணக்கான 71 டிகிரி வரை விட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்க வேளாண்துறை 2011லேயே முழுத் துண்டுகளுக்கு அதை 63 டிகிரியாகக் குறைத்து, 3 நிமிடம் ஆறவிடச் சொல்லிவிட்டது. நடுவில் லேசான இளஞ்சிவப்பு இருந்தது, பயப்பட வேண்டாம். கொத்துக்கறிக்கு மட்டும் பழைய 71தான்.

அடுத்து தூளில் மிளகும் சோம்பும் சேர்த்துப் பார்க்கிறேன்.