ஆண் இனப்பெருக்கத் தொகுதி பாடத்துக்கு உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஆண் இனப்பெருக்கத் தொகுதியைக் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு மாதிரியுரு யாரிடமாவது இருந்தால் சில நாட்களுக்கு இரவல் தருவீர்களா? பெரிய சுவர்ப்படம் என்றாலும் சரி.

படத்தில் தட்டையாகப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. சிறுநீர்ப்பையின் கீழே முன்னிற்கும் சுரப்பி (புரோஸ்டேட்) இருப்பதும், அதற்குள்ளால் சிறுநீர்வழி போவதும், விதையிலிருந்து புறப்படும் குழாய் வயிற்றறைக்குள் ஏறி, சிறுநீர்ப்பையின் பின்னால் வளைந்து வந்து சேருவதும் கையில் பிடித்துப் பார்த்தால்தான் பிடிபடும். விந்து வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் கழுத்து இறுகி மூடிவிடும் என்பதையும் அப்படியே காட்டலாம்.

அப்புறம், இதுதான் எனக்கு முக்கியம். பெடியளுடன் வெளிப்படையாகக் கதைக்கக்கூடிய ஒரு ஆண் மருத்துவரோ தாதியரோ ஒரு மணித்தியாலம் வர முடியுமா? விதை முறுகினால் திடீரென்று கடும் வலி வரும், சிலருக்கு வாந்தியும் வரும். சுமார் 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் விதையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். பதின்ம வயதில்தான் இது கூடுதலாக வருகிறது, அந்த வயதில்தான் வெட்கத்தில் வீட்டிலும் சொல்லாமல் படுத்துக் கிடப்பார்கள். நான் பெண் ஆசிரியை. என்னிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள் அவர்களிடம் நிறைய உண்டு.

சனிக்கிழமை காலை வசதி. போக்குவரத்துச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கோ.