ஏரியடியில் பழைய கோலி சோடா பாட்டில்: எங்கே தேடுவது, எப்படி எடுப்பது?

மீன்கொத்தி:
இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் விக்டோரியா காலத்து காட் பாட்டில் தேட எண்ணம். நம்ம கோலி சோடா பாட்டிலின் மூதாதை அதுதான். கடலில் முக்குளிக்கத் தெரியும், ஏரி புதிது. மூன்று கேள்விகள்: எந்த இடத்தில் இறங்குவது? சேற்றைக் கலக்காமல் எப்படித் தேடுவது? கிடைத்தது பழையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

வண்டல்:
முதலில் அனுமதி. ஏரித் தரை உள்ளாட்சி மன்றத்தின் சொத்து. தேடலாமா, எடுத்துப் போகலாமா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கரை தனியாருடையது என்றால் அங்கே இறங்க அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இடம்: ரயில் 1847இல் வந்தபின் சுற்றுலாக் கூட்டம் பெருகியது, படகில் குடித்ததை அப்படியே ஏரியில் எறிந்தார்கள். அதனால் பாட்டிலைத் தேடாதீர்கள், நிலக்கரிக் கசடைத் தேடுங்கள். நீராவிப் படகு சாம்பல் கொட்டிய தடம் கருப்புக் கட்டிகளாகக் கிடக்கும். கூடவே பீங்கான் சில்லும் தெரிந்தால் நல்ல இடம். சரிவில் விழுந்த பாட்டில் உருண்டு அடிவாரத்தில்தான் நிற்கும். மேட்டில் நேரம் வீணாக்க வேண்டாம். இன்றும் படகு வந்துபோகும் துறைப் பக்கம் போகவே கூடாது. கோடையில் நீலப்பச்சைப் பாசி அறிவிப்பு இருந்தால் அன்றைக்கு ஏரியை மறந்துவிடுங்கள்.

ஆழ்கிணறு:
கடலில் மூழ்க இடுப்பில் கட்டும் ஈய எடையை அப்படியே கட்டினால் நேராகச் சேற்றில் உட்காருவீர்கள். ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் நன்னீருக்குச் சுமார் 2.5 கிலோ குறைக்க வேண்டும். கோடையிலும் சில மீட்டர் கீழே தண்ணீர் சட்டென்று குளிரும். மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் குளிர்நீருக்கானதாக இல்லையென்றால் உள்ளே பனி பிடித்துக் காற்று நிற்காமல் கொட்டும்.

தேடல்: ஒரு எடைக்கல்லை நட்டு, அதில் ரீல் கயிற்றைக் கட்டி வட்டமடியுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் கயிற்றை விடுங்கள். அப்போதுதான் இடையில் எதுவும் தப்பாது. காலை மேலும் கீழும் உதைத்தால் கதை முடிந்தது. ஏரியில் நீரோட்டம் கிடையாது, கிளம்பிய வண்டல் அங்கேயே தொங்கும். தவளை மாதிரி பக்கவாட்டில் உதையுங்கள். மேடாகத் தெரியும் இடத்தில் உள்ளங்கையை விசிறி போல மெல்ல அசைத்தால் சேறு ஏடு ஏடாக விலகும். கம்பியால் குத்தாதீர்கள்; பாட்டிலின் கழுத்து உடையும். தடித்த கையுறை கட்டாயம். அறுந்த தூண்டில் நரம்பு எங்கும் கிடக்கும், அதை அறுக்கக் கத்தி கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

எடுத்ததை வலைப்பையில் போட்டு, கையால் சட்டென்று கழற்றக்கூடிய கொக்கியில் மாட்டுங்கள். கயிற்றால் உடம்போடு கட்டாதீர்கள். பாரம் கூடிவிட்டதென்று மிதவைச் சட்டையில் காற்றடித்துத் தூக்குவது பலரும் செய்யும் தப்பு: பை நழுவினால் நீங்கள் அம்புபோல மேலே போவீர்கள், 10 மீட்டர் ஆழத்துக் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். பாரம் அதிகமானால் காற்று நிரப்பும் தூக்குபையில் மாட்டித் தனியாக மேலே அனுப்புங்கள்.

சோடாப் போத்தல்:
தம்பி, மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லுறன். ஹைரம் காட் காப்புரிமை எடுத்தது 1872இல. வாயின் உள்பக்கம் ஒரு பள்ளம், அதுக்குள்ள ரப்பர் வளையம். போத்தலைத் தலைகீழாப் பிடிச்சு நிரப்புவினம். நிமிர்த்தினால் வாயு அழுத்தம் கோலியை வளையத்தோட இறுக்கிப்போடும். கழுத்தில இருக்கிற இரண்டு குழி, ஊத்தேக்க கோலி திரும்பி வந்து அடைக்காமல் பிடிச்சு வைக்க.

கோலிக்காகச் சின்னப் பிள்ளையள் உடைச்சதாலதான் முழுப்போத்தல் அருமை. வெளிர்ப் பச்சைநீலம் சாதாரணம். கடும்நீலம், தேன்நிறம் எண்டால் விலை எகிறும். போலியும் அதிலதான் கூட. இந்தியாவில பிந்திச் செய்த போத்தலை விக்டோரியா காலத்தது எண்டு விக்கிறவை இருக்கினம். ஆனால் இந்திய ஊர்ப் பெயர் இருந்தாலே புதுசு எண்டு தள்ளிவிடவும் ஏலாது; அந்தக் காலத்தில இங்கிலாந்தில வார்த்து இந்தியாவுக்கு அனுப்பினதும் உண்டு. புடைப்பெழுத்தைப் பாருங்கோ: சோடாக் கம்பனி, ஊர், அடியில கண்ணாடித் தொழிற்சாலைப் பெயர். காட் போத்தல் செய்த டான் ரைலண்ட்ஸின்ர பெயரும் அவரின்ர ஊர் பார்ன்ஸ்லியும் கிடந்தால் நல்ல அடையாளம். வார்ப்பச்சு இணைஞ்ச கோடு உதடு வரைக்கும் போகுதோ எண்டு விரல் நகத்தால தடவுங்கோ. பழையதில உதட்டைக் கையாலதான் முடிச்சவை, அதால கோடு கீழேயே மறைஞ்சுபோகும்.

காட் போத்தல் மட்டும் எண்டு நிக்காதேங்கோ. முட்டை வடிவ அடியோட நிமிர்ந்து நிக்காத போத்தல் வந்தால் அது ஹாமில்டன், காட் போத்தலுக்கு முந்தின வகை. படுத்துக் கிடந்தால்தான் தக்கை ஈரமா இருக்கும், வாயு போகாது.

மீன்கொத்தி:
நன்றி அண்ணா. உள்ளே இறுகிய சேற்றை வெந்நீர் விட்டுக் கரைக்கலாமா?

வண்டல்:
ஐயோ, வேண்டாம்! குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல்தான். ஏரித் தண்ணீரைக் கரையிலேயே கொட்டிவிடுங்கள், வேற்று நீர்க்களையோ பூச்சியோ அடுத்த ஏரிக்குப் போகாமலிருக்க. பிறகு சாதாரணக் குழாய்நீரில் இரண்டு துளி பாத்திர சோப்பு விட்டு நாள்கணக்கில் ஊறவையுங்கள், தினமும் நீரை மாற்றி. கோலியை நெம்பவே கூடாது. நைந்த ரப்பர் வளையத்தையும் விட்டுவிடுங்கள். துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம்; நஞ்சு, கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் கூடாது, பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. ஈரத்தில் பளபளத்துக் காய்ந்ததும் பால்போல மங்கினால் அது அழுக்கில்லை, கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது. அமிலம் அதைத் தீர்க்காது. செப்புத் துணுக்கும் மெருகுத்தூளும் போட்டு இயந்திரத்தில் உருட்டினால்தான் தெளியும். அப்போதும் கோலி அசையாமல் இருத்தாவிட்டால் கழுத்தை உள்ளிருந்தே உடைத்துவிடும்.